மஞ்சள் நோட்டீஸ் கொடுக்குமுன் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறோம். கணவர் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். முதுகுத்தண்டு வலி வந்த பிறகு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. அவருக்கு 8,500, தையல் கம்பெனியில் எனக்கு 9,500, மொத்தம் 18,000 ரூபாய் வருகிறது. கடன் 4,20,000. அவர் பெயரில் பைனான்ஸ் கம்பெனி தனிநபர் கடன் பாக்கி 1,38,000, தவணை 5,900. என் தம்பிதான் ஜாமீன், இரண்டு தவணை நின்றுவிட்டது. என் பெயரில் இரண்டு குழுக்கடன், பாக்கி 41,000 (தவணை 2,700), 33,000 (தவணை 2,250). கூட்டுறவு வங்கியில் என் மூன்றரைப் பவுன் நகை 90,000-க்கு அடகில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் அவர் 5 வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினார். 14 மாதமாக 5,000 கட்டுகிறோம். புரோநோட்டும், கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்று செக்கும் அங்கே இருக்கின்றன. என் பெயரில் தண்டல் 30,000, நாளுக்கு 300, இன்னும் 60 நாள். ஒரு புரோக்கர் 35,000 கொடுத்தால் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பி ஆறு மாதத்தில் எல்லாக் கடனையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அதற்கு முன்பு, கணவர் பெயரில் உள்ள ஒன்றரை சென்ட் வீட்டை மகள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடச் சொல்கிறார். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். வீட்டின் மீது இன்றைக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, அந்தப் பத்திரத்தை எழுதினால் நீங்களே அதைக் கெடுத்துக்கொள்வீர்கள். ஐ.பி. (கடனைக் கட்ட இயலாது என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு, மஞ்சள் நோட்டீஸ் என்பது இதைத்தான்) கொடுப்பதா வேண்டாமா என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில், பணக் கடனுக்கான டிக்ரியில் (நீதிமன்றத் தீர்ப்பாணையில்) எவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்குச் சொந்தமாக இருந்து அவர்களே குடியிருக்கும் வீடு அதில் வருகிறது. கூலித் தொழிலாளியின் கூலியும், சமையல் பாத்திரமும், தொழில் கருவியும், தாலி போலக் கழற்றக்கூடாத நகையும், பி.எஃப். பணமும் அதே பட்டியலில் உள்ளன. மூட்டை தூக்குபவர் கூலித் தொழிலாளி என்று நிரூபிப்பது கடினமல்ல. சுமைப்பணித் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அதை எடுத்து வையுங்கள். வீடு "அவருக்குச் சொந்தமானது", "அவரே குடியிருப்பது" என்ற இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. மகள் பெயருக்கு மாற்றினால் முதல் நிபந்தனை போய்விடும். அதோடு, பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் ஐ.பி. மனு போட்டவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இது. கடன் கொடுத்தவரை ஏமாற்றச் சொத்தை மறைத்தார் என்று முடிவானால் ஓராண்டு வரை சிறைக்கும் அதே சட்டத்தில் வழியிருக்கிறது. புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. பத்திரம் எழுதுவதிலும் அவருக்கு ஒரு கமிஷன் உண்டு.

வீட்டை அடமானம் வைத்தால் இந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்குச் செல்லாது. "சில்லறைக் கடனையெல்லாம் ஒன்றாக்கி வீட்டின் மீது ஒரே லோனாகப் போட்டுவிடலாம், தவணை பாதியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது நிச்சயம் வருவார்கள். தவணை குறையும், உண்மைதான். ஆனால் வீட்டைத் தொட முடியாத கடன்களுக்குப் பதிலாக, வீட்டை ஏலம் விடக்கூடிய கடனை வாங்கி வைப்பீர்கள். உங்கள் வருமானத்தில் அதைச் செய்யவே கூடாது.

இனி மஞ்சள் நோட்டீஸ். ஐ.பி. என்பது ஆளுக்கு ஆள். கணவர் கொடுத்தால் அவருடைய கடன், நீங்கள் கொடுத்தால் உங்களுடையது. குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று கொடுக்க முடியாது. சென்னைக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், மனு சார்பு நீதிமன்றத்தில். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் ஏழைகளுக்குக் கடனைத் துடைத்துத் தரும் ஓர் அத்தியாயம் இருப்பது உண்மை. ஆனால் அது இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் ஆண்டு வருமானம் 60,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லாதவர் என்று வரம்புகள் இருப்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

பழைய சட்டப்படி கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைக் கட்ட இயலாவிட்டால் மனு போடலாம். நுழைவது எளிது, வெளியே வருவதுதான் நீளம். எல்லாக் கடன்காரர்களின் பெயர், முகவரி, தொகை, உங்கள் சொத்துப் பட்டியல் எல்லாம் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகும், அவர்கள் வந்து எதிர்ப்பார்கள். மனு போட்டதாலேயே எதுவும் தானாக நிற்காது. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்த பிறகுதான், அனுமதியில்லாமல் புதிய வழக்குப் போட முடியாது என்ற கவசம் வரும். அதோடு, ஜப்தி செய்யக்கூடாதவை போக மற்றச் சொத்தெல்லாம் நீதிமன்றத்தின் அல்லது சொத்தை நிர்வகிக்க அது நியமிக்கும் ரிசீவரின் கைக்குப் போகும். அதன் பிறகும் கடன் தீர்ந்துவிடாது. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் கடனிலிருந்து விடுவிப்புக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். காலக்கெடு தாண்டினால் முழு அறிவிப்பும் ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். விடுவிப்புக் கேட்கும்போதும், கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறும் அளவுக்குச் சொத்து இல்லையென்றால், அந்த நிலைக்குத் தன் தவறு காரணமல்ல என்று கணவர் காட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் முடியும் என்பது விற்பனைப் பேச்சு.

இவ்வளவு சிரமப்பட்டாலும் உங்கள் வீட்டில் என்ன மிச்சமாகும் என்று பாருங்கள். கணவர் ஐ.பி. கொடுத்தால் அவர் பெயரிலுள்ள இரண்டு கடன்கள்தான் அதற்குள் வரும். தனிநபர் கடனில் அவர் விடுபட்டாலும் ஜாமீன் போட்டவர் விடுபடமாட்டார் என்று சட்டமே சொல்கிறது. கம்பெனி நேராக உங்கள் தம்பியிடம் போகும். 5 வட்டிக்காரர் கையில் இருக்கும் செக் இன்னொரு சிக்கல். அவர் அதை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரும், ஐ.பி. அதைத் தடுக்காது. குழுக்கடன், தண்டல், நகை மூன்றும் உங்கள் பெயரில் உள்ளவை, அவை அப்படியே நிற்கும். 35,000 செலவழித்து, வலிக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் மருந்து போட்டதாகிவிடும்.

ஐ.பி. யாருக்கு உதவும்? பல தனியார் கடன்காரர்கள் டிக்ரி வாங்கி, சொத்தை ஜப்தி செய்யவோ கைது வாரன்ட் வாங்கவோ நெருங்கிவிட்ட நிலையில், ஜாமீன்தாரரும் இல்லை, செக்கும் கொடுக்கவில்லை, ரிசீவரிடம் போவதற்கு ஒன்றும் இல்லை என்றால் அது உருப்படியான வழி. நீங்கள் அங்கே இல்லை. உங்கள் மேல் இன்னும் ஒரு வழக்குகூட இல்லை.

மாதக் கணக்கைப் பாருங்கள். 5,900, 2,700, 2,250, வட்டி 5,000, தண்டல் 9,000. கூட்டினால் 24,850. வருமானம் 18,000. நகைக்கடன் வட்டி இதில் சேரவில்லை, அரிசி பருப்பும் சேரவில்லை. சிக்கனத்தால் தீரக்கூடிய கணக்கல்ல இது. இன்னொரு கடன் வாங்கித்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எங்கிருந்தோ ஒரு மொத்தத் தொகை வந்தாக வேண்டும். அது உங்கள் நகையில் இருக்கிறது.

மூன்றரைப் பவுன் என்றால் 28 கிராம். கிராம் 9,000 என்று குறைத்தே வைத்தாலும் 2,52,000. கல், அரக்கு, உருக்குக் கழிவு என்று எட்டு சதவீதம் போனால் சுமார் 2,32,000. வட்டியோடு 95,000 கட்டி மீட்டால் கையில் 1,37,000 நிற்கும். விற்கும் நாளின் விலையை வைத்து இதே கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு இன்னும் 60,000 தருகிறோம் என்று வங்கியில் சொன்னால் வாங்காதீர்கள். அதுவும் கடன்தான், வட்டி கட்ட முடியாமல் கடைசியில் நகை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் போகும் விலை கடையில் நீங்களே விற்கும் விலைக்கு ஈடாக இருப்பது அரிது.

மீட்கப் பணம் இல்லாதவர்களுக்கு, வங்கிக்கு ஆள் அனுப்பிக் கடனைக் கட்டி நகையை எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். அடகுச் சீட்டில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு இருக்கும். கடைக்காரர் எதற்கு விலை போடுகிறார், மெஷினில் தரம் எவ்வளவு காட்டுகிறது, எத்தனை சதவீதம் கழிக்கிறார் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன் கூட்டுறவு வங்கியில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே உங்களுக்கு வேறு கடனோ, யாருக்காவது ஜாமீனோ நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் நகைக்கடனை முழுதாகக் கட்டிய பிறகும் நகையைத் தராமல் பிடித்துவைப்பார்கள்.

நகையை விற்க மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அது இப்போதும் உங்கள் கழுத்தில் இல்லை.

பணம் வந்ததும் முதலில் யாருக்குக் கொடுப்பது? அதிகம் சத்தம் போடுபவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அது தவறு. யார் சட்டப்படி அதிகம் கெடுதல் செய்ய முடியுமோ, யாருடைய வட்டி அதிகமோ, அவருக்கு முதலில். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள்தான், செக் வைத்திருக்கும் 5 வட்டிக்காரர்.

அவருக்கு 14 மாதத்தில் 70,000 போயிருக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் வட்டி 14,000 தான் ஆகும். மீதி 56,000-ஐ அசலில் கழித்தால் பாக்கி 44,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போங்கள். 45,000-இல் தொடங்கி 50,000 வரை பேசுங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். அதே நிமிடத்தில் புரோநோட்டும் இரண்டு செக்கும் கைக்கு வர வேண்டும், "இனிப் பாக்கி இல்லை" என்று ரசீதும் வேண்டும். "செக் எங்கேயோ கிடக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்றால் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

மறுத்தால், 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். அதே சட்டத்தில் கடன் வாங்கியவர் நியாயமான பாக்கியை நீதிமன்றத்தில் கட்டிக் கடனைத் தீர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. புகாருக்கு ஆதாரம் வேண்டும். கூகுள் பே பதிவுகள், வாட்ஸ்அப் பேச்சு, கையில் கொடுத்த நாட்களின் குறிப்பு எல்லாவற்றையும் இன்றே நகல் எடுங்கள். இந்த இடைவெளியில் அவர் செக்கைப் போட்டுவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். வாங்காமல் திருப்பி அனுப்புவதால் பயன் இல்லை, வழக்கில் அது கிடைத்ததாகவே கொள்ளப்படும். எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று சொல்லிப் பதில் அனுப்புங்கள். ஒரு பகுதியைக் கட்டிய பிறகு முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138-ஆவது பிரிவு நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டியதில் எவ்வளவு அசலில் சேரும் என்பதில் வாதம் வரும், ஆதாரம் அதற்குத்தான். செக்கை "ஸ்டாப் பேமென்ட்" செய்துவிட்டால் வழக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கும் அதே பிரிவுதான்.

தண்டலில் 30,000 என்று சொல்லி 25,500 தானே கையில் வந்திருக்கும்? 40 நாளில் 12,000 கட்டியாயிற்று. அசலில் பாக்கி 13,500. ஒரே தடவையாக முடிக்கிறேன் என்று அந்தத் தொகையில் பேசுங்கள், 15,000-க்குள் முடிந்தால் நல்லது. தண்டலும் கந்துவட்டிச் சட்டத்துக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டுக்கும் 65,000 போனால் கையில் 72,000. இதில் சிறிய குழுக்கடன் 33,000-ஐ முழுதாக முடித்துவிடுங்கள். குழுக்கடன் போன்ற மைக்ரோபைனான்ஸ் கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. மாதம் 2,250 மிச்சம். மற்றொரு குழுக்கடனை ஒழுங்காகக் கட்டி வாருங்கள். அதில் உண்மையான பிணை உங்கள் தெருப் பெண்கள்தான், அந்த உறவு கெட்டால் அவசரத்துக்கு 500 ரூபாய் கைமாத்துக்கூடக் கிடைக்காது.

மீதி 39,000-இல் 3,000-ஐ வீட்டில் வைத்துக்கொண்டு 36,000-ஐ தனிநபர் கடனுக்கு. ஆனால் முதலில் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் நிலுவை, பவுன்ஸ் சார்ஜ் என்று பிடித்துக்கொண்டு மறு மாதம் அதே 5,900 கேட்பார்கள். முதலில் கடிதம்: கணவரின் மருத்துவச் சான்று, கூலி குறைந்ததற்கு ஆதாரம் இரண்டையும் இணைத்து, "36,000 கட்டுகிறேன், பாக்கி 1,02,000-ஐ 48 மாதத் தவணையாக மாற்றித் தாருங்கள், அபராதக் கட்டணங்களை நீக்குங்கள்" என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். 24 சதவீத வட்டியில் அந்தத் தவணை 3,300 சொச்சம் வரும். எழுத்தில் சம்மதம் வந்த பிறகே பணம். தொலைபேசியில் பேசும் வசூல்காரரின் வாய்மொழிக்கு மதிப்பில்லை.

"ஒன் டைம் செட்டில்மென்ட்" என்று அவர்களே குறைத்துக் கேட்டால்? உங்களிடம் முழுத் தொகை ஒரே தடவையில் இல்லாதவரை வேண்டாம். பாதி கட்டி மீதி தவறினால் ஒப்பந்தம் முறிந்து பழைய பாக்கி திரும்ப வந்துவிடும். பின்னால் எப்போதாவது செய்தால், கடிதத்தில் கடன் எண், தொகை, கடைசித் தேதி, "முழுமையான இறுதித் தீர்வு", ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்ற வரி, இத்தனையும் இருக்க வேண்டும். தம்பி பெயர் இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும். சில ஆண்டு புதுக்கடன் கிடைக்காது, உங்களுக்கு அது நல்லதுதான்.

இப்படி முடிந்தால் மாதம் 2,700-ம் 3,300-ம் சேர்த்து 6,000. மீதி 12,000-இல் வாடகையில்லாத வீட்டில் இறுக்கமாக ஓட்டலாம்.

வசூலுக்கு வருபவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். குழுக்கடன்காரர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. பேசி வைத்த மையத்தில்தான் வசூல். அங்கே இரண்டு முறை தொடர்ந்து வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். மற்றக் கடன்களுக்கு வசூல் நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி அவமானப்படுத்துவதும், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மிரட்டுவதும் எந்தக் கடனுக்கும் தடை. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம், 14448-இல் வழி சொல்வார்கள். கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது, மிரட்டல் என்றால் காவல் நிலையத்தில் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோபைனான்ஸ் கொடுக்கக்கூடாது. உங்கள் 18,000-க்கு அது 9,000. மூன்று தவணை சேர்ந்தே 10,850 வருகிறது. கடன் கொடுத்த நாளில் கணவர் முழு வேலையில் இருந்திருந்தால் விதிமீறல் இல்லை. குழுக்கடனுக்கான கடன் அட்டையையும் அவர்கள் எழுதிய வருமானக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வருமானத்தைக் கூட்டி எழுதியிருந்தால் பேரத்தில் அது உங்கள் பக்கம் நிற்கும்.

எந்த நீதிமன்றத் தபாலையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். கம்பெனி நடுவர் மன்ற நோட்டீஸ் அனுப்பினால், போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி அது டிக்ரிக்குச் சமமாகிவிடும். புரோநோட்டின் பேரில் சுருக்க வழக்கு என்றால் 10 நாளில் ஆஜராக வேண்டும். டிக்ரியே ஆனாலும், வசதி இருந்தும் கட்ட மறுப்பவரைத்தான் சிறையில் வைக்கலாம், இல்லாமையால் கட்டாதவரை அல்ல என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது.

வக்கீலுக்குப் பணம் தேட வேண்டாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமலே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி 15100. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனிநபர் கடனையும் 5 வட்டிக் கடனையும் வழக்கு வருமுன்னே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைக்கக் கேட்டு மனு கொடுங்கள். அங்கே இருதரப்பும் சம்மதித்துக் கையெழுத்தானால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, செக்கைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லலாம். போகும்போது கடன் அட்டைகள், அடகுச் சீட்டு, ஆறு மாத வங்கிப் பதிவு, மருத்துவச் சீட்டு, வீட்டுப் பட்டா நகல் எடுத்துப் போங்கள். செக் புத்தகத்தின் அடிக்கட்டையும் வேண்டும், கொடுத்த இரண்டு செக்கின் எண்ணும் அதில்தான் இருக்கும்.